மூன்றாம் ஸ்வரம் யாரிடம்? ஒரு சமுதாயக் கல்லூரி பேண்டின் ஒரு பருவம்

பின்னணி

அமெரிக்காவில் ஒரு சமுதாயக் கல்லூரியில், இசைக் கோட்பாட்டின் முதல் நிலைப் பாடத்தையும் கல்லூரி பேண்டையும் ஒருவரே, அதாவது இதை எழுதும் நானே, நடத்திய ஒரு வசந்தப் பருவத்தின் பதிவு இது. ஈராண்டுப் படிப்பு தரும் இத்தகைய கல்லூரிகளில் சேர்க்கைக்குப் பெரிய தடை எதுவும் இல்லை. எங்கள் பேண்டுக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இல்லை. பள்ளி பேண்டில் நான்கு ஆண்டு வாசித்துவிட்டு வந்த பதினெட்டு வயது மாணவரும், இருபது ஆண்டுகளாகப் பெட்டியில் கிடந்த சாக்ஸபோனைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்த செவிலியரும், பணி ஓய்வு பெற்ற பொறியாளரும் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்வார்கள். சம்பந்தப்பட்டவர்களின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டே எழுதியிருக்கிறேன்.

கோட்பாட்டு வகுப்பு திங்கள், புதன் காலையில்; பேண்ட் ஒத்திகை செவ்வாய் மாலை ஏழு மணி முதல் ஒன்பதரை வரை. பேண்டில் 38 பேர், வகுப்பில் 19 பேர், இரண்டிலும் இருந்தவர்கள் 9 பேர். வகுப்பின் மற்ற பத்துப் பேரில் பியானோ, கிட்டார் வாசிப்பவர்களும், பாடகர்களும், மடிக்கணினியிலேயே இசை அமைக்கும் ஒருவரும் இருந்தார்கள். பருவம் பதினாறு வாரம். பதினைந்தாம் வாரம் பொது நிகழ்ச்சி.

நிகழ்ச்சிக்கு நான் தேர்ந்தெடுத்தது, குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1909இல் எழுதிய இ ஃப்ளாட் முதல் சூட் (பல பகுதிகள் கொண்ட இசைத் தொகுப்பு). ஷகோன், இண்டர்மெட்ஸோ, மார்ச் என்று மூன்று பகுதிகள் கொண்ட இந்தப் படைப்பு காற்றுவாத்தியக் குழுக்களின் அடிப்படைப் பாடமாகவே கருதப்படுகிறது. ஷகோனில், தாழ்ந்த பித்தளை வாத்தியங்களான ட்யூபாவும் யூஃபோனியமும் தொடங்கிவைக்கும் எட்டு அளவு (தாளக் கட்டம்) நீளமுள்ள ஒரு வரி, வாத்தியம் மாறி மாறித் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வரியின் முதல் மூன்று ஸ்வரங்களான இ ஃப்ளாட், எஃப், சி ஆகியவையே மற்ற இரண்டு பகுதிகளுக்கும் விதை. கோட்பாட்டு வகுப்பிலும் இதையே எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது. ஆனால் இருந்தது எண்ணம் மட்டும்தான். பாடத்திட்டத்தில் அதற்கென ஒரு வாரம்கூட ஒதுக்கவில்லை.

நான்காம் வாரம்: நிசப்தம்

ஒவ்வொரு ஒத்திகையையும் நானே எழுதிய எட்டு அளவு கோராலுடன், அதாவது பல குரல்கள் சேர்ந்து நகரும் ஒரு துண்டுடன், தொடங்குவோம். மெதுவான அந்தத் துண்டு இ ஃப்ளாட் மேஜர் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில்) முடியும். நான்காம் வாரத்தில் அந்தக் கடைசிக் கார்ட் தொடர்ந்து கரடாக ஒலித்தது. ஏழு மணிக்கு எல்லோரும் சுருதி சரியா என்று காட்டும் ட்யூனரை ஸ்டாண்டில் மாட்டி, பச்சை விளக்கு எரியும்வரை பி ஃப்ளாட் ஊதி, திருப்தியாகத் தலையசைத்துவிட்டுத்தான் கோராலுக்கு வந்தார்கள். தனித்தனியே எல்லோரும் பச்சை. சேர்ந்து ஊதினால் உறுமல்.

மூன்று ஸ்வரங்களால் ஆன மேஜர் கார்டில் நடு ஸ்வரம், அதாவது ஸ்வர வரிசையில் ஆதார ஸ்வரத்தை ஒன்றாக எண்ணினால் வரும் மூன்றாம் ஸ்வரம்தான் காதுக்கு முதலில் இடறும். அரை ஸ்வர இடைவெளியை 100 சென்ட் என்று பிரித்துக்கொண்டால், ட்யூனர் காட்டும் சம இடைவெளி முறையில் மேஜர் மூன்றாம் ஸ்வரம் ஆதார ஸ்வரத்திலிருந்து 400 சென்டில் நிற்கிறது. அலைவே (ஒலி ஏறி இறங்கும் துடிப்பு) இல்லாமல் ஒன்றும் 5:4 விகிதத்தில் அது சுமார் 386. எனவே அந்த ஸ்வரத்தை வைத்திருப்பவர் ட்யூனரின் பச்சைக்குக் கட்டுப்பட்டால், நீண்டு நிற்கும் கார்டில் 14 சென்ட் கூடுதலாகவே இருப்பார். மூன்றாம் ஸ்வரத்தை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் இறங்கினால் போதும் என்று நினைத்து, "இந்தக் கார்டில் மூன்றாம் ஸ்வரம் யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டேன்.

ஒரு கையும் உயரவில்லை.

கோராலில் அந்த ஸ்வரத்தை இரண்டாம் கிளாரினெட்டுகளுக்கும் முதல் ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கும் எழுதியவன் நான். இரண்டாம் கிளாரினெட் வரிசையில் ஓரத்தில் இருந்த மாணவி என் கோட்பாட்டு வகுப்பிலும் இருந்தார். முந்தைய நாள்தான் கார்ட் வினாத்தாளில் முழு மதிப்பெண் எடுத்திருந்தார். அவரைப் பார்த்து, "நேற்று இதே கார்டைப் பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கினீர்களே" என்று சொன்னேன். ஊக்கப்படுத்துவதாகத்தான் அப்போது நினைத்தேன். அவர் முகம் சிவந்தது. கிளாரினெட்டை மடியில் இறக்கி, ஒத்திகை முடியும்வரை என்னைப் பார்க்காமலே வாசித்தார்.

அன்றிரவு அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தன் மதிப்பெண் பேண்டில் இருக்கும் யாரும் அறியத்தக்கது அல்ல என்று இரண்டே வரியில் எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. ஃபெர்பா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் மாணவரின் கல்விப் பதிவுகளை அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்கிறது. நல்ல மதிப்பெண் என்பதால் அதற்கு விலக்கில்லை. மறுநாள் துறைத் தலைவரிடம் நடந்ததை நானே எழுத்தில் தெரிவித்து, மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதும் மறந்துவிட்டதும் ஒன்றல்ல என்பது பருவ முடிவில் தெரிந்தது.

முதலில் நினைத்ததும் பிறகு கண்டதும்

குறை காதுகளிலும் வாத்தியங்களிலும்தான் இருக்கிறது என்பது என் முதல் முடிவு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். காற்றுவாத்தியம் சூடாகச் சூடாகச் சுருதி ஏறும். பிப்ரவரிக் குளிரில் காரிலிருந்து எடுத்துவந்த கிளாரினெட்டை ஏழு மணிக்குப் பச்சைக்குக் கொண்டுவந்தால் ஏழே முக்காலுக்கு அது வேறு வாத்தியம். போதாததற்கு, கோராலில் கிளாரினெட்டுக்கு நான் எழுதியிருந்த ஏ, அந்த வாத்தியத்தின் தொண்டைப் பகுதி ஸ்வரங்களில் ஒன்று. சுருதி நிலைக்காமல் பெரும்பாலும் மேலே நழுவும். ஆல்ட்டோவின் நடு இ ஸ்வரமும் அப்படியே. எழுதியவனுக்கே இது முன்பு தோன்றியிருக்க வேண்டும்.

உண்மையான காரணம், மன்னிப்புக் கேட்கப் போனபோது அந்த மாணவி சொன்ன ஒரு வாக்கியத்தில் இருந்தது. "என் தாளில் இருந்தது ஏ. இ ஃப்ளாட் கார்டில் ஏ கிடையாது. அதனால் நான் கார்டுக்கு வெளியே ஏதோ வாசிக்கிறேன் என்று நினைத்தேன்."

மேற்கத்திய பேண்டில் பல வாத்தியங்களின் தாளில் இருக்கும் பெயர் ஒன்று, ஒலிக்கும் சுருதி வேறு. பி ஃப்ளாட் கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும். எஃப் ஹார்ன் ஐந்தாம் ஸ்வர இடைவெளி கீழே. ஆல்ட்டோ சாக்ஸபோன் ஆறாம் ஸ்வர இடைவெளி கீழே. இ ஃப்ளாட், ஜி, பி ஃப்ளாட் என்று ஒலிக்கும் கார்டைக் கிளாரினெட் எஃப், ஏ, சி என்றும், ஆல்ட்டோ சி, இ, ஜி என்றும், ஹார்ன் பி ஃப்ளாட், டி, எஃப் என்றும் தாளில் காணும். இரண்டரைக் கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் ச என்பது ச தான் என்று வளர்ந்தவருக்கு இதில் குழப்பம் வராது, ஏனெனில் ஸ்வரத்தின் பெயர் அங்கே இடத்தைக் குறிக்கிறது. ஆங்கில எழுத்துப் பெயரோ தாளில் உள்ள கோட்டையும் விரலையும் குறிக்கிறது. அந்த மாணவிக்குக் கார்டும் தெரியும், ஏ ஸ்வரமும் தெரியும். ஒன்று திங்கட்கிழமை அறிவாகவும் மற்றொன்று செவ்வாய்க்கிழமை அறிவாகவும் தனித்தனியே இருந்தன. இரண்டையும் இணைக்கும் சுருதி மாற்றிய எழுத்து முறையை நான் பதின்மூன்றாம் வாரத்தில் வைத்திருந்தேன், பாடநூலில் அது கடைசியில் வருவதால்.

இதற்கு நேர் எதிரான ஒருவரும் குழுவில் இருந்தார். ட்யூபா வாசித்த எழுபதைக் கடந்த பெரியவர். கோட்பாடு படித்ததே இல்லை. ஐந்தாம் ஸ்வரத்திலிருந்து ஆதார ஸ்வரத்துக்கு இறங்கும் இடங்களில் அவர் சுருதி ஒருமுறையும் பிசகவில்லை. எதைக் கேட்டு வாசிக்கிறீர்கள் என்று கேட்டபோது, கீழே தான் சரியாக இருந்தால் மேலே சத்தம் தானாக விரியும், விரியாவிட்டால் யாரோ இடிக்கிறார்கள் என்று பொருள் என்றார். அதைக் கோட்பாட்டு நூலின் மொழியில் எழுத எனக்கு ஒரு பக்கம் தேவைப்பட்டிருக்கும்.

எடுத்த முடிவுகள்

ஐந்தாம் வாரத்தில் நான்கு வழிகளை எழுதிப் பார்த்தேன். ட்யூனர் நேரத்தைக் கூட்டுவது, படைப்பை எளிதாக்குவது, ஒத்திகையில் சிறு விரிவுரை நடத்துவது, வகுப்பின் வரிசையை மாற்றுவது. முதலாவது நோயையே மருந்தாகக் கொடுப்பது. இரண்டாவதால் கேள்வி தள்ளிப்போகும். எளிய படைப்பிலும் மூன்றாம் ஸ்வரம் இருக்கும். விரிவுரையை விரும்பி யாரும் வேலை முடித்த களைப்போடு இரவு ஏழு மணிக்கு வருவதில்லை. நான்காவதைத் தேர்ந்தேன், அதோடு ஒத்திகையின் முதல் பன்னிரண்டு நிமிடத்தையும் மாற்றினேன்.

ஒத்திகையில் ட்யூனர் பைக்குள் போனது. ஒலிபெருக்கியில் இ ஃப்ளாட் ஆதார ஒலி தொடர்ந்து ஓட, எல்லோரும் ஸ்கேலை ஒன்று முதல் எட்டு வரை எண்களாகப் பாடினார்கள். எழுத்துப் பெயர்களுக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் இடமில்லை. டோ, ரே, மி முறையைப் பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் அதைப் பள்ளியில் படித்தவர்களும் படிக்காதவர்களும் கலந்த குழுவில் அது இன்னொரு மொழியாகிவிடும் என்று எண்ணை எடுத்துக்கொண்டேன். பாடிய பின் அதே எண்ணை வாத்தியத்தில் வாசிப்பது. ஒன்று, ஐந்து, பிறகு மூன்று என்று கீழிருந்து கார்டை அடுக்குவது. மூன்று வைத்திருப்பவர்கள் அலைவு அடங்கும்வரை இறங்குவது. 440 ஹெர்ட்ஸும் 442 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு அலைவு கேட்கும் என்பதை இரண்டு ட்ரம்பெட்டுகளை வைத்து ஒருமுறை காட்டியதோடு விளக்கத்தை நிறுத்திக்கொண்டேன். தொண்டை ஏ ஸ்வரத்துக்கு வலக்கை விரல்களில் சிலவற்றையும் மூடிப் பார்க்கக் கிளாரினெட்டுகளுக்குச் சொன்னேன். சுருதி இறங்குவதோடு ஒலியும் உருண்டு வரும்.

வகுப்பில் சுருதி மாற்றிய எழுத்து பதின்மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்கு வந்தது. வேலை இதுதான்: அதிக நீளமில்லாத ஒரு புதிய கோராலை ஒலிக்கும் சுருதியில் தருவேன், ஒவ்வொரு மாணவரும் இரண்டு வாத்தியங்களுக்கான பாகத்தாளை எழுத வேண்டும், அடுத்த செவ்வாய் பேண்ட் அதைத் திருத்தாமல் வாசிக்கும். தாள்களில் பெயர் இருக்காது. அந்த விதியை மாணவியின் மின்னஞ்சல்தான் எழுதியது.

முதல் செவ்வாய் அன்று மூன்றாவது அளவிலேயே ஹார்ன் வரிசையிலிருந்து ஒரு விநோதம் எழுந்தது. எழுதியவர் ஹார்னுக்கு ஐந்தாம் ஸ்வர இடைவெளி மேலே எழுதுவதற்குப் பதில் கீழே எழுதியிருந்தார். பி ஃப்ளாட்டாக ஒலிக்க வேண்டியது ஒரு ஒன்பதாம் ஸ்வர இடைவெளி தாழ்ந்து ஏ ஃப்ளாட்டாக, இ ஃப்ளாட் கார்டின் வயிற்றில் மாட்டு வண்டி ஏறியதுபோல் நின்றது. குழு முழுக்கச் சிரித்தது. பார்வையாளராக வந்து பின்னால் உட்கார்ந்திருந்த கிட்டார் மாணவர் ஒருவர் பென்சிலை எடுத்துக்கொண்டு ஹார்ன் வரிசைக்கு நடந்து போனார். தாளில் பெயர் இல்லை. ஆனால் சொந்தப் பிழையைத் தானே போய்த் திருத்தியதில் அவருக்கு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. மேலே எழுதுவதா கீழே எழுதுவதா என்ற கேள்வியை அவர் அதன் பின் என்னிடம் கேட்டதில்லை.

ஷகோனின் நடுவில் அந்த எட்டு அளவு வரி தலைகீழாக வருகிறது. ஏறும் இடத்தில் இறங்கி, இறங்கும் இடத்தில் ஏறும். 1921இல் அச்சான பதிப்புக்கு அமெரிக்காவில் காப்புரிமை முடிந்துவிட்டதால் அதைத் தயக்கமின்றி நகலெடுத்து வகுப்பில் கொடுத்தேன். பேண்டில் இருந்த ஒன்பது பேரில் யாரும் இந்தத் தலைகீழைக் கவனித்திருக்கவில்லை. மடிக்கணினியில் இசை அமைக்கும் மாணவர் இரண்டு வரிகளையும் திரையில் கட்டங்களாகப் பதித்து, ஒன்றைக் கவிழ்த்து மற்றதன் மேல் வைத்துக் காட்டினார்.

எட்டாம் வாரம்: ட்யூபா இல்லாத இரண்டு ஒத்திகைகள்

ஏழாம் வாரம் வரை எண் பாடுவது கூட்டமாகவே நடந்தது. எட்டாம் வாரத்தில் வரிசை வரிசையாகப் பாடச் சொன்னேன். தாழ்ந்த பித்தளை வரிசையில் அன்று இரண்டு ட்ராம்போன்காரர்கள் வரவில்லை. நடைமுறையில் அது ட்யூபா பெரியவரைத் தனியாகப் பாடச் சொன்னது போலாயிற்று. அவர் வாத்தியத்தைத் தரையில் சாய்த்தார். தான் இங்கே வாசிக்க வருவதாகவும், ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணுவதைத் தனக்குச் சின்ன வயதிலேயே கற்றுக்கொடுத்துவிட்டார்கள் என்றும் அமைதியாகச் சொன்னார். இடைவேளையில் போய்விட்டார். அடுத்த இரண்டு வாரமும் வரவில்லை.

அந்த இரண்டு ஒத்திகைகளும் ஒன்றைத் தெளிவாக்கின. ஆறாம், ஏழாம் வாரங்களில் சுருதி மேம்பட்டது என் பயிற்சியால்தான் என்று நினைத்திருந்தேன். அவர் இல்லாதபோது அதே பயிற்சி, அதே ஒலிபெருக்கி, அதே கோரால். கார்ட் நான்காம் வாரத்துக்குத் திரும்பியது. மின்னணு ஒலியைக் கேட்டு யாரும் சேரவில்லை; வாசிக்கத் தொடங்கியதும் அது காதில் விழுவதே நின்றுவிடுகிறது. எல்லோரும் அதுவரை சேர்ந்துகொண்டிருந்தது அவர் ட்யூபாவோடு.

பத்தாம் வாரம் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பாட வேண்டியதில்லை என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு, மற்றவர்கள் பாடும்போது அந்த இ ஃப்ளாட்டை அவர் பிடித்துக்கொண்டிருக்க முடியுமா என்றும் கேட்டேன். உண்மையைச் சொன்னால், அவர் சும்மா உட்கார்ந்திருப்பது மற்றவர்கள் கண்ணை உறுத்தாதிருக்க நான் போட்ட தற்காலிக ஏற்பாடு அது. ஆனால் அதுவே பயிற்சியின் மையமாகிவிட்டது. தம்புராவின் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதும் சுருதிப்பெட்டியைத் தூரத்தில் வைத்துப் பாடுவதும் ஒன்றல்ல என்பதைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்த எனக்கு, ஒலிபெருக்கியை அணைக்கப் பத்து வாரம் ஆயிற்று.

இண்டர்மெட்ஸோவைக் கைவிட்டது

பதினோராம் வாரத்தில் ஒத்திகையைக் காணொளியாக எடுத்தேன். என் கவனம் கார்டிலேயே இருந்ததால் வேறொன்று நழுவிக்கொண்டிருந்தது காணொளியில்தான் தெரிந்தது. வேகமான இண்டர்மெட்ஸோவை இரண்டு அடியாக நடத்தும்போது என் கை நெஞ்சில் தொடங்கி இடுப்புவரை இறங்கியது. அடி விழுந்த பிறகு எழும் மீட்சி தோள்வரை போனது. அத்தனை தூரம் போய் வரும் கையைப் பார்த்து வாசிப்பவர் தாமதிக்காமல் இருக்க முடியாது. இடக்கை வலக்கையின் கண்ணாடி பிம்பமாக அதையே செய்தது. கண், எல்லா வாத்தியங்களின் பாகமும் சேர்ந்திருக்கும் ஸ்கோரைவிட்டு எழவே இல்லை. கிளாரினெட்டுகள் நுழையும் இரண்டு இடங்களில் அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள், நான் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பேண்ட் இழுக்கிறது என்று ஐந்து வாரமாக அவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

கையைச் சுருக்கி, அடி விழும் புள்ளியை ஒரே உயரத்தில் நிறுத்தி, வாசிப்பு தொடங்கும் முன் கை காட்டும் தயாரிப்பு அடியிலேயே வேகத்தைக் காட்டப் பழகினேன். இரண்டு வாரத்தில் முன்னேற்றம் இருந்தது. நிகழ்ச்சிக்குப் போதுமான அளவுக்கு இல்லை. பன்னிரண்டாம் வார முடிவில் இண்டர்மெட்ஸோவை விட்டுவிட்டு ஷகோனையும் மார்ச்சையும் மட்டும் வாசிப்பது என்று முடிவு செய்தேன்.

எளிதான முடிவு அல்ல. மூன்று பகுதிகளும் ஒரே வரியிலிருந்து பிறந்தவை என்பதால் இடைவெளியில்லாமல் முழுவதையும் வாசிக்க வேண்டும் என்று ஹோல்ஸ்டே ஸ்கோரில் கேட்டுக்கொண்டிருக்கிறார். பேண்டில் மூத்த சிலர் அதைச் சுட்டிக்காட்டினார்கள். இண்டர்மெட்ஸோவில் நல்ல தனி இடங்கள் வைத்திருந்த ஓபோக்காரர் மூன்று மாதம் வீட்டில் பயிற்சி செய்ததைச் சொன்னார். அவருக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. குழுவுக்கு நான் சொன்ன காரணம் நேரம் போதவில்லை என்பது. நேரம் போதாததற்குக் காரணம் என் கை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதைப் பருவம் முடிந்த பிறகே சொன்னேன்.

நிகழ்ச்சியும் தேர்வும்

பதினைந்தாம் வார நிகழ்ச்சியில் ஷகோன் நன்றாக அமைந்தது. மார்ச் கொஞ்சம் ஓடிவிட்டது. பிடித்து நிறுத்தத் தேவையில்லாத அளவுக்குத்தான். நான்காம் வாரத்துக் கோரால் ஒலிப்பதிவையும் பதினான்காம் வாரத்து ஒலிப்பதிவையும் எது எப்போது என்று சொல்லாமல் வகுப்பில் போட்டேன். கேட்ட யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பதினான்காம் வாரத்தில் மூன்றாம் ஸ்வரம் யாரிடம் என்று கேட்டதற்கு, வகுப்பில் படிக்காத செவிலியர் உட்பட உரியவர்கள் எல்லோரும் கை உயர்த்தினார்கள்.

இறுதித் தேர்வில் சுருதி மாற்றிய எழுத்தில் வகுப்பு இதுவரை நான் பார்த்ததில் நன்றாகவே செய்தது. 19 பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதே தேர்வின் இன்னொரு பகுதியோ எனக்குத் தலைகுனிவு. நான்கு குரல் எழுத்துக்கு வழக்கமாக நான்கு வாரம் கொடுப்பேன். பேண்ட் வேலைகள் அதில் இரண்டை விழுங்கிவிட்டன. தவிர்க்க வேண்டிய இணை ஐந்தாம் ஸ்வரங்களும் இணை எட்டாம் ஸ்வரங்களும் விடைத்தாள்களில் வரிசையாக நின்றன. கீழே இறங்கித் தீர வேண்டிய, கார்டின் ஏழாம் ஸ்வரம் பல இடங்களில் மேலே போயிருந்தது. இது சில்லறைக் குறை அல்ல. இங்கிருந்து நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிறவரின் பாடத்தை அங்கே ஏற்றுக்கொள்வது பாடத்திட்டத்தில் எழுதியதைக் கற்பித்தோம் என்ற நம்பிக்கையில்தான். இரண்டாம் நிலைப் பாடத்தை எடுத்த சக ஆசிரியர் முதல் மூன்று வாரத்தை என் கடனை அடைக்கச் செலவழித்ததாகச் சொன்னார், மரியாதையாகத்தான்.

பருவ முடிவுக் கருத்துத் தாளில் ஒருவர், இது பேண்டில் இருப்பவர்களுக்காக நடத்தப்பட்ட வகுப்பு என்று எழுதியிருந்தார். பியானோ வாசிப்பவராக இருக்கலாம். கோராலுக்குப் பாகத்தாள் எழுதியதில் பாதிப் பேருக்குத் தாங்கள் எழுதியதைத் தாங்களே ஒலிக்கச் செய்யும் வாய்ப்பு இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கிளாரினெட் மாணவி கோட்பாட்டு வகுப்பை நல்ல தரத்தோடு முடித்தார், நிகழ்ச்சியிலும் வாசித்தார். அடுத்த பருவம் பேண்டுக்குப் பதிவு செய்யவில்லை. காரணம் கேட்க எனக்கு உரிமை இல்லை, கேட்கவும் இல்லை. அவர் திருப்பித் தந்த கோரால் தாளில் கடைசி ஸ்வரத்தின் மேல் பென்சிலில் 3 என்று எழுதி, பக்கத்தில் கீழ்நோக்கிய சிறு அம்பு போட்டிருந்தார்.

மாற்றிச் செய்தவை

அடுத்த பருவத்தில் ட்யூபா முதல் வாரமே ஆதார ஒலியாக இருந்தது, பெரியவரின் சம்மதத்தோடு. தனி ஆளையோ சிறு வரிசையையோ பாடச் சொல்வதை விட்டுவிட்டேன். கேள்வியை எப்போதும் வாத்தியத்திடம் கேட்கிறேன், ஆளிடம் கேட்பதில்லை: மூன்று வைத்திருப்பவர்கள் ஊதுங்கள் என்றால் தெரிந்தவர் ஊதுவார், தெரியாதவர் பக்கத்தில் ஒலிப்பதைக் கேட்டுக்கொள்வார்.

சுருதி மாற்றிய எழுத்தை மொத்தமாக ஒரு வாரத்தில் கொட்டாமல் இரண்டாம், ஐந்தாம், ஒன்பதாம் வாரங்களில் அரை மணி அரை மணியாகப் பிரித்தேன். நான்கு குரல் எழுத்துக்குப் பழைய நான்கு வாரமும் திரும்பக் கிடைத்தது. பேண்டில் இல்லாத மாணவர்கள் பாகத்தாள் எழுதுவதற்குப் பதில், பாகத்தாள்களிலிருந்து ஒலிக்கும் சுருதியில் முழு ஸ்கோரை மீட்டெடுத்து, விரும்பினால் அந்தக் கோராலை ஒரு செவ்வாய் தாங்களே நடத்தலாம். ஹார்ன் வரிசைக்குப் பென்சிலோடு நடந்த கிட்டார் மாணவர் முதலில் கை தூக்கினார். அவர் தயாரிப்பு அடி கொடுக்க மறந்துவிட்டதால் முதல் கார்டுக்குப் பாதிப் பேர்தான் வந்து சேர்ந்தார்கள். இரண்டாவது முறை எல்லோரும் வந்தார்கள்.

ஒத்திகையை இப்போது மூன்றாம் வாரத்திலேயே காணொளி எடுக்கிறேன். இண்டர்மெட்ஸோவை மீண்டும் ஸ்டாண்டில் வைத்திருக்கிறோம். இந்த முறை பயிற்சி அதிலிருந்து தொடங்குகிறது, ஓபோக்காரரும் திரும்பி வந்திருக்கிறார்.